சிங்கப்பூருக்குப் போயும் சைக்கிளா?



பள்ளி விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, மாலை நேரம். வீட்டு வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் வந்து படியோரம் நின்றார். முன்பு பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்குகிறார். மூத்த மகன் என்னிடம் ஆறு ஆண்டுகள் படித்தவன். இப்போது சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான்.

"சார், அவன் சைக்கிள்ல வேலைக்குப் போறானாம். இருட்டுல, மழையில எல்லாம் அதுலதானாம். போன வாரம் விழுந்து முழங்கையைப் பேத்துக்கிட்டான். கேட்டா சிரிக்கிறான். நீங்க சொன்னா கேப்பான் சார்."

சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார்: "சிங்கப்பூருக்குப் போயும் சைக்கிளா சார்? லயத்துல கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

ஆக, அந்தத் தாயின் மனத்தில் பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. உங்களில் பல பேருடைய பிள்ளைகள் அக்கரையில் இருக்கிறார்கள். இதே இரண்டும் உங்கள் மனத்திலும் இருக்கலாம். அதனால்தான், விடுமுறையில் நான் நேரில் போய்ப் பார்த்து வந்ததை இந்த இதழில் எழுதுகிறேன்.

வெட்கத்தை முதலில் தள்ளிவிடுவோம். சிங்கப்பூரில் கார் வாங்க வேண்டுமானால் காருக்குக் கொடுக்கும் விலை போதாது. பத்து ஆண்டுகளுக்கு அந்தக் காரை வைத்துக்கொள்ளும் உரிமைக்கென்று தனியாக ஒரு சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 முதல் இந்த ஏற்பாடு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 100,000 வெள்ளியைத் தாண்டியது, அதுவும் சிங்கப்பூர் வெள்ளி! அங்கே கார் இல்லாதவன் ஏழை என்று யாரும் நினைப்பதில்லை. பஸ்ஸும் ரயிலும் நன்றாகவே ஓடுகின்றன. அப்படியிருக்க நம் பையனுக்குச் சைக்கிள் எதற்கு? இரண்டாவது ஷிப்டு முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடுகிறது. கடைசி ரயில் போன பிறகு டாக்சி பிடித்தால் அன்றைய சம்பளத்தில் ஒரு துண்டு கரைந்துவிடும். உடன் வேலை செய்த ஒருவர் ஊர் திரும்பும்போது தம் சைக்கிளை 80 வெள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கதை அவ்வளவுதான்.

பயம் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேச வேண்டியிருக்கிறது.

அவன் தேக்காவுக்குப் பக்கத்தில், அடுக்குமாடி வீடொன்றில், மலேசியப் பையன்கள் நால்வரோடு ஓர் அறையில் இருக்கிறான். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் அவனுக்குக் காலை ஷிப்டு. அறைத் தோழனின் சைக்கிளை எனக்கு இரவல் வாங்கிக் கொடுத்தான். ஆறு மணிக்குக் கீழே இறங்கினோம். இருட்டென்றால் நல்ல இருட்டு.

இந்த இருட்டுக்கு ஒரு கதை உண்டு. 1982 ஜனவரி முதல் தேதி, நம் தீபகற்பமும் சிங்கப்பூரும் சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தன. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக இருக்கட்டும் என்று நம் நாடு மாற்றியது, சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. கடிகாரம் நகர்ந்தது, சூரியன் நகரவில்லை. அதனால்தான் சிங்கப்பூரில் பிப்ரவரி மாதம் சூரியன் எழ ஏழேகால் ஆகிவிடுகிறது. நவம்பர் தொடக்கத்திலோ ஆறே முக்காலுக்கே வந்துவிடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் காலையில் வேலைக்குப் போகிற சைக்கிள்காரனுக்கு இந்த அரை மணி பெரிய விஷயம். நவம்பரில் பாதி வழியில் விடிந்துவிடும். பிப்ரவரியில் தொழிற்சாலை வாசல் வரை விளக்கு வேண்டும்.

விளக்கு அங்கே சட்டம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இருட்டில் இரண்டும் எரிய வேண்டும். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம் என்று 2019 பிப்ரவரி முதல் வந்தது. 2022 முதல் கைபிரேக் ஒன்றாவது ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பதும் சட்டம். நடைபாதையில் ஓட்டலாம், ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சைக்கிள் பாதையில் 25 வரை போகலாம். சைக்கிள் பாதையும் நடைபாதையும் பக்கம் பக்கமாக இருக்கும் இடங்களில், நடப்பவர்களுக்கென்று குறித்த பாதையில் சைக்கிள் ஏறக்கூடாது என்று 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலாகியிருக்கிறது. பிள்ளை அங்கே இருக்கிற பெற்றோர் இவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அபராதம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

சிராங்கூன் சாலையில் அந்த நேரத்தில் லோரிகள்தாம் அதிகம். காய்கறிக் கூடைகளும் மீன் பெட்டிகளும் தேக்கா சந்தையில் இறங்குகின்றன. பூக்கடைக்காரர்கள் அஞ்சடியில் உட்கார்ந்து மாலை கட்டத் தொடங்கிவிட்டார்கள். வீரமாகாளியம்மன் கோயிலைக் கடக்கும்போது அவன் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். "கையை ஹேண்டில்ல வைடா" என்று பின்னாலிருந்து கத்தினேன். பள்ளிக்கூடத்துக் குரல் எங்கே போகும்?

கோயிலைத் தாண்டியதும் ஒரு சந்திப்பில் நின்றான். "சார், இங்கதான்" என்றான். விழுந்த இடம் என்று நினைத்தேன். இல்லை. அம்மாவிடம் சொல்லாத ஒன்று அங்கே நடந்திருக்கிறது. சிவப்பு விளக்கில் ஒரு லோரிக்கு இடப்பக்கமாகப் போய் நின்றிருக்கிறான். பச்சை விழுந்ததும் லோரி இடப்பக்கம் திரும்பியது. ஓட்டுநருக்கு இவன் தெரியவில்லை. பின்சக்கரம் நெருங்கி வந்தபோது சைக்கிளைப் போட்டுவிட்டு நடைமேடையில் தாவியிருக்கிறான். சைக்கிளின் முன்வளையம் நசுங்கியது. லோரி போய்க்கொண்டே இருந்ததாம்.

வாசகர்களே, இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நீண்ட லோரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போவதில்லை. குறுக்கே வெட்டிக்கொண்டு ஓரத்தை நெருங்கி வரும். ஓட்டுநர் உயரத்தில் இருப்பார். இடது ஓரத்தில் நிற்பவனை அவர் பார்ப்பது கடினம். செம்பனைக் குலை ஏற்றிவரும் நம் தோட்டத்து லோரியும் இப்படித்தான் திரும்புகிறது. சந்திப்பில் லோரி நின்றால் சைக்கிள் அதற்குப் பின்னால் நிற்கட்டும். ஒருக்காலும் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் வழியை மாற்றிக்கொண்டான். சாலையில் போகும் தூரத்தைக் குறைத்து, காலாங் ஆற்றங்கரைப் பாதையில் சேர்ந்துவிடுகிறான். சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு இதுதான், 10 கிலோமீட்டர். நம் ஊரில் இதைப் பெரிய வாய்க்கால் என்போம்! ஆனால் கரையோரம் எவ்வளவு அழகான பாதை! மரநிழல், விளக்குக் கம்பங்கள், நடப்பவர்கள், ஓடுபவர்கள். விடியும் நேரத்தில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று வரிசையாக நீந்திப் போனதைப் பார்த்தேன். இப்படிப்பட்ட பூங்கா இணைப்புப் பாதைகள் தீவெங்கும் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. எல்லாச் சைக்கிள் பாதைகளையும் சேர்த்து 2020ல் ஏறக்குறைய 460 கிலோமீட்டர் இருந்தது. அதை 2030க்குள் 1,300 ஆக்குவது அந்நாட்டின் திட்டம்.

அவனுக்கு இந்த வழி ஐந்து நிமிடம் கூடுதல். அந்த ஐந்து நிமிடத்துக்காகச் சீக்கிரம் எழுந்திருக்கிறான். எட்டரை மணிக்கு வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பையன்!

இனி மழைக்கு வருகிறேன். வடக்கே, குளிர் நாடுகளில், சைக்கிள்காரனுக்கு நான்கு பருவங்கள்: பனி, வசந்தம், கோடை, இலையுதிர்காலம். நமக்குப் பருவமே இல்லை என்று புத்தகத்தில் படிக்கிறோம். கித்தா வெட்டிய வீட்டில் பிறந்தவர்கள் அதை நம்புவார்களா? பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையெல்லாம் கொட்டி நிற்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். விடியற்காலையில் மழை பிடித்தால் அன்று வெட்டு இல்லை. வானத்தைப் பார்த்தே வாழ்ந்தவர்கள் நாம். அதே வானத்தைத்தான் அந்தப் பையன் இப்போது அடுக்குமாடி ஜன்னலில் நின்று பார்க்கிறான்.

அவன் எனக்குச் சொன்ன ஆண்டுக் கணக்கு இது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. சராசரி 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மாதம். சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். அப்போது வேலைக்கு மாற்றுச் சட்டையும் காலுறையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு, செருப்போடு ஓட்டுகிறான். தைப்பூசம் வந்து போனால் மழை ஓயும், காற்று வரும். பிப்ரவரியில் பெய்வது டிசம்பர் மழையில் மூன்றில் ஒரு பங்குதான். ஓட்டுவதற்கு அதுதான் நல்ல காலம், இருட்டு மட்டும் அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் தாங்காது. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய உச்சத்தைத் தொட்டுவிட்டது அன்றைய சூடு. வெயில் காய்ந்த பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை இறங்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொரு வகை. சுமத்ராவிலிருந்து கடலைக் கடந்து வருகிற காற்று மழை. பெரும்பாலும் விடியற்காலையில் வரும். "சார், நட்சத்திரம் தெரியும். கீழ இறங்கி சைக்கிளை எடுக்கிறதுக்குள்ள மேற்கால கருத்துடும். மரமெல்லாம் ஒரு பக்கமா சாயும்" என்றான். அந்தக் காற்று வந்தால் அவன் கிளம்புவதில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும் என்றாலும் முதலாளி காத்திருக்க மாட்டார். அன்று பஸ்தான். அக்டோபர், நவம்பரில் மறுபடியும் பிற்பகல் இடி. தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் விளக்கு அலங்காரம் போட்டிருக்கும் வாரங்களில் மழை பெய்யாத மாலையைத் தேட வேண்டும்.

இதற்கெல்லாம் மேல் புகைமூட்டம் இருக்கிறது. எல்லா ஆண்டும் வருவதில்லை, வந்தால் கொடுமை. 2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அதுவரை காணாத அளவு. அடுத்த இரண்டு நாளில் நம் மூவாரில் அவசரநிலையே அறிவித்தார்கள். ஜொகூர் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2015 செப்டம்பர் 25ஆம் தேதி சிங்கப்பூரில் பள்ளிகளை மூடினார்கள். அந்தக் காற்றில் சைக்கிள் மிதிப்பது, அடுப்பூதிக்கொண்டே மலை ஏறுவது மாதிரி. மூச்சு வாங்க வாங்கப் புகையும் உள்ளே போகும். நெஞ்சுச் சளி, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அந்த நாட்களில் சைக்கிளைத் தொடவே கூடாது.

அவன் முழங்கையைப் பேர்த்துக்கொண்டது மழை பெய்தபோது அல்ல, மழை விட்ட பிறகு. இதையும் கவனியுங்கள். ஈரமான இரும்புச் சாக்கடை மூடியின் மேல் சக்கரம் ஏறியது. திரும்பும்போது பிரேக்கை அழுத்திவிட்டான். அவ்வளவுதான், சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஈரத்தில் இரும்பு மூடியும், சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும், உதிர்ந்த இலையும் வழுக்கும். அவற்றின் மேல் நேராகப் போக வேண்டும், வளைக்கவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. சக்கர வளையத்தைப் பிடிக்கிற பிரேக் நனைந்தால் உடனே பிடிக்காது. முன்கூட்டியே மெல்ல அழுத்தி ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுவது நம் தோட்டத்தில் பெரிய சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியம் பட்டணத்துக்கு ஆகாது. மின்னல் வெட்டினால் மரத்தடியில் ஒதுங்காமல், கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

சிங்கப்பூருக்கும் நம்மவர் சைக்கிளுக்கும் உறவு நேற்று வந்ததல்ல. லிட்டில் இந்தியாவில் மாட்டுக் கொட்டில்கள் இருந்த காலம் உண்டு. பஃபலோ ரோடு என்ற பெயரே சாட்சி. பால் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போன பால்காரர்கள், பின்னால் பெட்டி வைத்து மணியடித்துக்கொண்டு வந்த தமிழ் முஸ்லிம் ரொட்டிக்காரர்கள், இவர்களெல்லாம் அந்தப் பட்டணத்தைச் சக்கரத்தில் சுமந்தவர்கள். நம் தாத்தாமார் சொன்ன ஜப்பான்காரன் சைக்கிளும் உண்டு. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய படை, நம் தோட்டப் பாதைகள் வழியாகவே மிதித்து வந்து, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரைப் பிடித்தது. டயர் கிழிந்தால் வெறும் வளையத்தில் ஓட்டினார்களாம். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் டாங்கி வருகிறது என்று நடுங்கியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் என்னை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போனான். உங்களுக்குத் தஞ்சோங் பகார் ரயில் ஞாபகம் இருக்கிறதா? என் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ரயிலில் நான் போயிருக்கிறேன். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டி வந்தார். அதன் பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர், இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஆன பசும்பாதை. புக்கிட் தீமாவில் பழைய நிலையக் கட்டடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். இரும்புப் பாலமும் நிற்கிறது. மலாயா ரயில் பாதையில் கல் கொட்டவும் கட்டை மாற்றவும் எத்தனையோ தமிழர்கள் உழைத்தார்கள். அந்தப் பாலத்தின் மேல் இரவல் சைக்கிளோடு சிறிது நேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா, பேரனுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி லிட்டில் இந்தியா வந்தபோது சாயங்காலம். தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கும் விடுதிகளில் இருக்கிற தொழிலாளர்களுக்கு அது கூடும் நேரம். கம்பி வேலிகளில் பழைய சைக்கிள்கள் வரிசையாகப் பூட்டியிருந்தன. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்கிற பலருக்கு அன்றாட வண்டி அதுதான். 2017ல் எங்கே வேண்டுமானாலும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் விடுகிற வாடகைச் சைக்கிள்கள் வந்து குவிந்தன. ஒரு பெரிய நிறுவனம் 2018 ஜூனில் கடையைக் கட்டியபோது, முன்பணம் கட்டியவர்கள் பணம் கிடைக்காமல் தவித்தார்கள். உரிமம், நிறுத்துமிடம் என்று அரசு ஒழுங்கு செய்தது. சொந்தமாக ஒரு பழைய சைக்கிள் வைத்திருப்பவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, பூட்டு நல்லதாக இருந்தால்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரு யோசனை. ஃபின்லாந்தில் ஊலு என்று ஒரு நகரம், வடதுருவ வட்டத்துக்கு அருகே. குளிர்காலத்தில் எல்லாம் பனி. அங்கே குழந்தைகள் பனியில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள். எப்படி? சைக்கிள் பாதையில் விழுந்த பனியை இயந்திரம் வைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். நெதர்லாந்தில் இன்று எல்லாரும் சைக்கிளில் போவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது அந்த நாட்டுக்குப் பிறவியிலேயே வாய்த்ததல்ல. 1971ல் ஒரே ஆண்டில் அங்கே சாலை விபத்தில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கிச் சண்டை போட்டார்கள். பாதைகள் வந்தன. மழையும் பனியும் அங்கேயும் நிற்கவில்லை.

நம் பக்கத்தைப் பாருங்கள். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர், பஸ் கட்டணத்துக்கு வழியில்லாமல், சைக்கிளில் போகிறார்கள். செம்மண் பாதை முடிந்து பெரிய சாலையில் ஏறும்போது இன்னும் விடிந்திருக்காது. ஓரத்தில் பாதை என்று ஒன்று கிடையாது, புல்லும் கால்வாயும்தான். பக்கத்தில் குலை லோரிகள். பின்விளக்கு உள்ள சைக்கிள்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்களே அதிகம். அக்கரையில் இருக்கிற மகனுக்காகப் பயப்படுகிறோம். நம் கண்ணெதிரே ஓட்டுகிற மகளைப் பழகிவிட்டதால் பார்ப்பதில்லை. நானும்தான். இத்தனை வருஷம் வாத்தியாராக இருந்து, எத்தனை பிள்ளைகளின் சைக்கிளைக் குனிந்து பார்த்திருக்கிறேன்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைக் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். சாலையோரப் பாதைக்கு மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதலாம். நீங்களும் உங்கள் தோட்டத்தில் கேளுங்கள்.

வந்த அன்றே அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். லோரிக் கதையைச் சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை. "இப்ப ஆத்தோரமா போறானா சார்?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார். ஆமாம் என்றேன். "வெளக்கு இருக்கா?" இருக்கிறது என்றேன். "அப்ப சரி. மழைக்கோட்டு ஒண்ணு வாங்கிக் குடுக்கணும்" என்றார்.

பையன் என்னிடம் ஒரு சிறு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தான். பிரித்தோம். இரண்டு விளக்குகள், வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. தங்கைக்கு. அவள் மூன்றாம் படிவம் படிக்கிறாள்; தினமும் அந்தப் பெரிய சாலையில்தான் போகிறாள். அம்மா விளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் திருப்புளி வாங்கிச் சைக்கிளின் பின்கம்பியில் சிவப்பை மாட்டினேன். அந்தப் பெண் லயத்துக் கோடி வரை ஓட்டிக் காட்டினாள். வாசலில் நின்ற எங்களுக்கு அது தெரிந்துகொண்டே இருந்தது.